நீல மையில் ஒரு கையெழுத்து

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த இருபத்தேழு அறிவுரைகளையும் டைப் அடித்தது நான்தான். எழுதியது நான் இல்லை. எங்கள் மெக்கானிக்கல் துறைத் தலைவர் சண்முகவேலாயுதம் சார் சொல்லச் சொல்ல அடித்தேன். காலேஜ் ஆபீசில் பத்தொன்பது வருஷமாக எனக்கு அதுதான் வேலை. நடுவில் சார் இருமினால் அதையும் அடித்துவிட்டுத்தான் அழிப்பேன்.

விஷயம் என்னவென்றால், சங்கரன்கோவில் பக்கத்தில் இருக்கிற எங்கள் காலேஜிலிருந்து அதுவரை ஒருத்தரும் வெளிநாட்டுக்குப் பயிற்சிக்குப் போனது கிடையாது. திருநெல்வேலிக்குப் போய் வருவதற்கே மூன்று கையெழுத்து வேண்டும். அப்படியிருக்க, பின்லாந்து தேசத்தில் தம்பெரே என்கிற ஊரில் தண்ணீர் பம்ப் செய்கிற ஒரு கம்பெனி, மூன்று மாதப் பயிற்சிக்கு மூன்று பேரை அனுப்புங்கள் என்று கடிதம் போட்டது. எங்கள் விலாசம் அவர்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. கேட்டால் தப்பு நடந்துவிட்டது என்று சொல்லிவிடுவார்களோ என்று யாரும் கேட்கவும் இல்லை.

கோமதிநாயகம், இசக்கிராஜா, தவசிக்கனி. இந்த மூன்று பேரைத் தேர்ந்தெடுத்தார் சார். மார்க்கைப் பார்த்து இல்லை. "சொன்னதைச் சொன்னபடி செய்யுற பிள்ளைங்க" என்றார். அது சத்தியமான வார்த்தை. ஒரு தடவை சார் இவர்களிடம், "நான் வர்ற வரைக்கும் இந்த லேப் கதவை விட்டு நகரக் கூடாது" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். அந்த நேரம் பார்த்து எவனோ ஜன்னல் வழியாக உள்ளே வந்து மோட்டாரைத் தூக்கியிருக்கிறான். கனமாக இருக்கிறது, ஒரு கை கொடுங்கள் தம்பி என்று இவர்களையே கேட்டிருக்கிறான். நகரக் கூடாது என்பதால் இவர்கள் கை கொடுக்கவில்லை. சார் அதற்காக இவர்களைப் பாராட்டினார்.

கண்ணாடி போட்டிருந்ததால் கோமதிநாயகம் தலைவன். அவன் அப்பா மாவு மில் வைத்திருக்கிறார். மகன் பேர் நோட்டீஸ் போர்டில் வந்த அன்றைக்கே பஸ் ஸ்டாண்டு பக்கம் இருபது அடியில் ஒரு பிளெக்ஸ் கட்டிவிட்டார். ஒரு விமானம், பின்னால் பாரிஸ் கோபுரம், நடுவில் கோட்டு போட்ட கோமதிநாயகம், இரண்டு பக்கமும் சின்னதாக மற்ற இரண்டு பேர். "பின்லாந்தைக் கலக்கப் போகும் பொறியியல் புயல்களே, வருக வருக!" போகிறவர்களை ஏன் வருக என்று கூப்பிட்டிருக்கிறது என்று கேட்டேன். பிளெக்ஸ் கடைக்காரர் அந்த டிசைன்தான் கையில் இருந்தது என்றாராம்.

இப்போது இருபத்தாறாம் அறிவுரையைச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். வினை முழுக்க அதில்தான் இருக்கிறது. "பயிற்சியில் சேர்ந்ததற்கான பாரத்தில், முதல் வாரம் வெள்ளிக்கிழமைக்குள், மேற்பார்வையாளரின் சொந்தக் கையால், மாணவர் மூவர் முன்னிலையில், நீல மையில் கையெழுத்து வாங்க வேண்டும். ஒரிஜினல் திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் காலேஜ் ஆபீசில் இருக்க வேண்டும். போட்டோ, வாட்ஸப் செல்லாது. தவறினால் மூவரும் உடனே திரும்ப அழைக்கப்படுவார்கள்."

"சார், அங்கேயிருந்து தபால் வரவே பத்து நாள் ஆகுமே" என்றேன்.

"போடும்மா."

போட்டேன்.

ஜனவரி மாதம் போய் இறங்கினார்கள். விமான நிலையத்தில் பாஸ்போர்ட் பார்க்கிற அதிகாரி, "எதற்கு வந்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார். மூன்றாம் அறிவுரை, முன்பின் தெரியாதவர்களிடம் பேசக் கூடாது. கோமதிநாயகம் அந்த அதிகாரியை மேலும் கீழும் பார்த்தான். முன்பின் தெரியாதவர்தான். உடனே அறிவுரைத் தாளை எடுத்து மூன்றாவது வரியில் விரல் வைத்துக் காட்டினான். நல்ல வேளை, தாள் ஆங்கிலத்தில் இருந்தது. அவர் இருபத்தேழையும் நிதானமாகப் படித்தார். மூன்றாவதை இரண்டு தடவை படித்தார். "இது எங்கள் ஊரிலும் வேண்டும்" என்று சொல்லிவிட்டு முத்திரை குத்தி அனுப்பிவிட்டார். பின்லாந்துக்காரர்களுக்குப் பேசாமல் இருப்பது என்றால் அல்வா சாப்பிடுகிற மாதிரி என்று எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் அன்றைக்கே பயந்திருப்பேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, ஊர் பார்க்கக் கிளம்பியவர்கள் தங்கியிருந்த வீட்டுக்கு எதிரே இருந்த ரோட்டிலேயே நின்றுவிட்டார்கள். நடக்கிறவர்களுக்கான விளக்கு சிவப்பில் இருந்தது. அங்கே கம்பத்தில் ஒரு பொத்தான் இருக்கிறது, அமுக்கினால்தான் பச்சை விழும். பதினொன்றாம் அறிவுரை, பொது இடத்தில் எந்தப் பொத்தானையும் தொடக் கூடாது. நாற்பது நிமிஷம் நின்றார்கள். ரோட்டில் ஒரு வண்டி கிடையாது. வானத்திலிருந்து பனி மட்டும் விழுந்துகொண்டிருந்தது. அப்புறம் ஒரு பெண்மணி வந்து பொத்தானை அமுக்கி, பச்சை விழுந்ததும் கடந்து போனார்.

"பச்சை விழுந்திருச்சுலே, போவோமா?" என்றான் இசக்கிராஜா.

"அது அந்தம்மா அமுக்குனது. அவங்களுக்கு விழுந்த பச்சை" என்றான் கோமதிநாயகம்.

தவசிக்கனி எதையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசிக்கிற பையன். "அடுத்தவங்க பச்சையில நாம போனா அது திருட்டுல்லா?" என்றான்.

திருட்டுதான் என்று மூவரும் ஒப்புக்கொண்டு, மரியாதையாக அப்படியே நின்றுவிட்டு, இருட்டியதும் வீட்டுக்குள் திரும்பினார்கள். திங்கட்கிழமை காலையிலும் அதே கதை. கடைசியில், பாலர் பள்ளி டீச்சர் ஒருத்தர் பன்னிரண்டு குழந்தைகளை ஒரு நீளக் கயிற்றைப் பிடிக்க வைத்துக் கூட்டிக்கொண்டு வந்தார். கயிற்றின் கடைசியில் கொஞ்சம் இடம் இருந்தது. மூன்று பேரும் பிடித்துக்கொண்டார்கள். அப்படித்தான் பின்லாந்தில் முதல் ரோட்டைக் கடந்தார்கள்.

அன்றாடம் நடந்ததை எழுதி எனக்கு அனுப்ப வேண்டும் என்பது இருபத்தேழாம் அறிவுரை. எப்படி எழுத வேண்டும் என்று சார் சொல்லவில்லை. ஆகையால் அவர்களுக்குத் தெரிந்த ஒரே முறையில், லேப் ரெக்கார்டு மாதிரி எழுதினார்கள். திங்கட்கிழமை வந்ததை அப்படியே தருகிறேன்.

"நோக்கம்: பேருந்தில் ஏறிக் கம்பெனிக்குச் செல்லுதல்.

தேவையான பொருட்கள்: பேருந்து ஒன்று, மாணவர் மூவர்.

செய்முறை: இவ்வூரில் பேருந்துக்கு நிற்பவர்கள் ஒருவருக்கொருவர் இரண்டு மீட்டர் இடைவெளி விட்டு நிற்கிறார்கள். அவ்வூர் மக்கள் செய்வது போலவே செய்யவும் என்ற எட்டாம் அறிவுரைப்படி நாங்களும் நின்றோம். எங்களுக்கு முன் ஒன்பது பேர் இருந்ததால் தவசிக்கனிக்குத் தெரு முனை தாண்டி மருந்துக் கடை வாசலில் இடம் கிடைத்தது. பேருந்து வந்தது. இருவர் ஏறினோம். தவசிக்கனி வருவதற்குள் பேருந்து புறப்பட்டது. மூவரும் பிரியக் கூடாது என்ற ஒன்பதாம் அறிவுரைப்படி அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தோம். அதே அறிவுரைப்படி தவசிக்கனி அடுத்த பேருந்தில் ஏறி எங்களைத் தேடி வந்தான். வழியில் ஜன்னலிலிருந்து கையசைத்தான். நாங்களும் கையசைத்தோம். இச்சோதனை மேலும் நான்கு முறை செய்யப்பட்டது.

முடிவு: பேருந்து நல்ல நிலையில் உள்ளது."

படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டேன். சண்முகவேலாயுதம் சார் படித்துவிட்டு, "கையெழுத்து அழகா இருக்கு" என்றார்.

எப்படியோ பத்தரை மணிக்குக் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே இவர்களுக்கு மேற்பார்வையாளர் ரைமோ. ஐம்பத்தைந்து வயது, ஆறடிக்கு மேல் உயரம், தங்கமான மனுஷன். ஒரு நாளைக்குப் பதினோரு வார்த்தை பேசுவார். அதில் நாலு வார்த்தை காபி மெஷினோடு. இவர்களுக்கு ஆளுக்கொரு மேசை, நாற்காலி காட்டிவிட்டு எதிரே இருந்த தன் அறைக்குள் போய்விட்டார்.

பதினான்காம் அறிவுரை, பெரியவர்கள் வந்தால் எழுந்து நிற்க வேண்டும், அவர்கள் உட்காரச் சொன்ன பிறகுதான் உட்கார வேண்டும். அந்த ஹாலில் எழுபது பேர் வேலை பார்க்கிறார்கள். எழுபது பேரும் பெரியவர்கள். முக்கால் மணிக்கொரு தடவை காபிக்கு நடக்கிறார்கள். ஒருத்தரும் இவர்களைப் பார்த்து உட்காருங்கள் என்று சொல்லவில்லை. எதற்குச் சொல்லப் போகிறார்கள்? மத்தியானத்துக்குள் உட்காருவதையே விட்டுவிட்டார்கள்.

ரைமோ இதைக் கவனித்தார். நின்றுகொண்டே வேலை பார்க்கிற வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்து, செவ்வாய்க்கிழமை காலையில் நெஞ்சு உயரத்துக்கு மூன்று மேசைகள் வரவழைத்துப் போட்டார். அதோடு நாற்காலிகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இசக்கிராஜா அன்று சாயந்திரம் போனில் என்னிடம், "அக்கா, சார் எங்க மேல ரொம்ப பிரியமா இருக்காரு. கால்தான் ரெண்டும் மரத்துப் போச்சு" என்றான்.

"அது கிடக்கட்டும். கையெழுத்து வாங்கியாச்சா?" என்றேன்.

"நிக்கோம் அக்கா."

இந்த இடத்தில் கையெழுத்து வாங்குகிற முறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம்ம ஊரில் எந்த மாணவனாவது ஒரு சாரிடம் போய், "சார், கையெழுத்து போடுங்க" என்று சொல்லி நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? சொன்னால் அந்தக் கையெழுத்து அந்த ஜென்மத்தில் கிடைக்காது. பாரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அறை வாசலில் நிற்க வேண்டும். சார் நம்மைப் பார்ப்பார், ஆனால் பார்க்காதது போல இருப்பார். போன் பேசுவார். டீ வரும், குடிப்பார். அப்புறம் தலையைத் தூக்காமலே "என்ன?" என்பார். அந்த "என்ன?" வந்தால்தான் நாம் வாயைத் திறக்கலாம். சண்முகவேலாயுதம் சார் இதைப் பத்தொன்பதாம் அறிவுரையாகவே போட்டிருந்தார். "கையெழுத்துக்கு அதிகாரியை அவசரப்படுத்தக் கூடாது. வாசலில் நிற்கவும். அவரே கேட்பார்."

மூன்று பேரும் திங்கட்கிழமை பதினொரு மணிக்கு ரைமோ அறை வாசலில் போய் நின்றார்கள். ரைமோ நிமிர்ந்து பார்த்தார். தலையசைத்தார். இவர்களும் அசைத்தார்கள். அவர் வேலையைப் பார்த்தார். ஒரு மணி நேரம் போனது. மறுபடியும் பார்த்தார், மறுபடியும் அசைத்தார்.

அந்த ஊரில் ஒருத்தன் வாயை மூடிக்கொண்டு நின்றால் அவனுக்கு ஏதோ காரணம் இருக்கும், நமக்கென்ன என்று விட்டுவிடுவார்கள். என்ன என்று கேட்பது அவர்களுக்கு அநாகரிகம். ரைமோவுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அவர் வாசலுக்கு வந்தவர்கள் எல்லாரும் ஏதாவது கேட்டிருக்கிறார்கள். ஒன்றும் கேட்காமல் கூட இருந்துவிட்டுப் போகிறவர்கள் இவர்கள்தான். புதன்கிழமை சண்முகவேலாயுதம் சாருக்கு அவரிடமிருந்து ஈமெயிலில் ஒரு கடிதம் வந்தது. "மிக நல்ல மாணவர்கள். பேசுவதில்லை. நன்றி." சார் அதைப் பிரிண்ட் எடுத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொன்னார்.

ஒட்டிவிட்டு வந்து காலண்டரைப் பார்த்தேன். புதன் போய்விட்டது. வெள்ளிக்கு இரண்டு நாள்தான் இருக்கிறது. இந்தாள் ஆயுசுக்கும் "என்ன?" என்று கேட்கப் போவதில்லை. இவர்களும் ஆயுசுக்கும் வாயைத் திறக்கப் போவதில்லை. வியாழக்கிழமை காலை கோமதிநாயகத்தின் அப்பா மாவு படிந்த சட்டையோடு ஆபீசுக்கு வந்துவிட்டார்.

"ஏம்மா, சேர்ந்த பாரம் வரணுமாமே? வராட்டா திருப்பி அனுப்பிருவாங்களாமே?"

"வந்துக்கிட்டே இருக்கு அண்ணாச்சி."

"பிளெக்ஸை இன்னும் அவுக்கக்கூட இல்லைம்மா. அவன் திரும்பி வந்து அதுக்குக் கீழேயே பஸ்ஸை விட்டு இறங்குனா நான் எங்கே போயி முழிப்பேன்?" சொல்லும்போதே அவர் குரல் உடைந்துவிட்டது. இனி இவர்களை நம்பிப் பிரயோஜனமில்லை என்று போனைப் போட்டேன்.

"ஏலே, வாயைத் திறந்து கேட்டுத் தொலைங்களேன்! ஒரு வார்த்தை! 'கையெழுத்து போடுங்க சார்.' அவ்வளவுதான்!"

"அக்கா, நீங்க சொல்றதைச் செய்ய எங்களுக்கு ஆசைதான்" என்றான் கோமதிநாயகம். "ஆனா பத்தொன்பதாம் அறிவுரையை மாத்துனதா ஒரு சர்க்குலர் அனுப்பிருங்க. சார் கையெழுத்தோட."

ஓடினேன் சாரிடம். சார் வாசலில் நின்றேன். போன் பேசினார், டீ வந்தது, குடித்தார். "என்ன?" என்றார். சொன்னேன்.

"அறிவுரையை மாத்தணும்னா டிபார்ட்மென்ட் மீட்டிங்ல வச்சுதான் மாத்தணும்மா. மீட்டிங் அடுத்த மாசம்."

அன்று சாயந்திரம் அங்கே ஓர் அதிசயம் நடந்தது. ரைமோ தானாகவே அறையை விட்டு வெளியே வந்து, "நாளை மூன்று மணிக்கு சவுனா. வாருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். சவுனா என்றால் வேறொன்றும் இல்லை, மரப் பலகையால் அடித்த ஒரு சின்ன அறை. மூலையில் அடுப்பு, அடுப்பு மேல் கல். கல்லில் தண்ணீர் ஊற்றினால் ஆவி கிளம்பும். உள்ளே எண்பது, தொண்ணூறு டிகிரி இருக்கும். அந்த ஊர்க்காரர்கள் அதற்குள் உட்கார்ந்தால்தான் நாலு வார்த்தை பேசுவார்களாம். கம்பெனிக்குப் பின்னால் ஏரிக்கரையில் சொந்தமாகவே ஒன்று வைத்திருந்தார்கள்.

"பாரத்தை எடுத்துக்கிட்டுப் போங்கலே! அங்கே நிச்சயம் கேப்பாரு!" என்றேன்.

"ஆவியில பாரம் நனைஞ்சிரும்லா?" என்றான் தவசிக்கனி.

நியாயமான கேள்வி. நானும் பாராட்டினேன். பாராட்டியிருக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை காலையில் ஒரு கடையைத் தேடிப் பிடித்து, நம்ம ஊரில் மார்க் ஷீட்டிலிருந்து ரேஷன் கார்டு வரைக்கும் என்ன செய்வோமோ அதைச் செய்துவிட்டார்கள். பாரத்தை லேமினேஷன் பண்ணிவிட்டு எனக்குப் போட்டோ அனுப்பினார்கள்.

"அடப் பாவிகளா! கையெழுத்து வாங்குன பெறகுல்லா லேமினேஷன் பண்ணணும்!"

"வாங்குறதுக்கு முந்தியே நனைஞ்சிட்டா என்ன பண்ணுறது அக்கா?" என்றான் கோமதிநாயகம். குரலில் கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது, இது கூடவா இவளுக்குத் தெரியவில்லை என்று.

மூன்று மணிக்கு சவுனா வாசலில் இன்னொரு சிக்கல். உள்ளே உடுப்பு கூடாது, துண்டு மட்டும் என்று போர்டு போட்டிருந்தது. ஆறாம் அறிவுரையோ, டையும் அடையாள அட்டையும் காலேஜை விட்டுக் கிளம்பியது முதல் திரும்பி வரும்வரை கழற்றக் கூடாது என்கிறது.

"டை துணிதானலே?" என்றான் இசக்கிராஜா.

"துணியில செஞ்சது. ஆனா உடுப்பு இல்லை" என்றான் கோமதிநாயகம். "டையை மட்டும் கட்டிக்கிட்டு ஒருத்தன் தெருவுல போனா அவனை உடுத்தியிருக்கான்னு சொல்லுவியா?"

"சொல்ல மாட்டேன்."

"அப்ப உடுப்பு இல்லை."

இப்படியாக இடுப்பில் துண்டு, கழுத்தில் டை, டைக்கு மேல் அடையாள அட்டை, கையில் பிளாஸ்டிக் பாரம் என்று மூன்று பேரும் உள்ளே போனார்கள். ரைமோ பார்த்தார். ஒன்றும் கேட்காமல் பலகையைக் காட்டி உட்காரச் சொன்னார்.

முதல் பத்து நிமிஷம் சொர்க்கம் என்றான் இசக்கிராஜா. வந்ததிலிருந்து அப்போதுதான் உடம்பு காய்ந்ததாம், சித்திரை மாசம் நம்ம டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிற மாதிரி சுகமாக இருந்ததாம். ரைமோ ஒரு அகப்பைத் தண்ணீரைக் கல்லில் ஊற்றினார். ஆவி சுர்ரென்று கிளம்பியது. "போதுமா?" என்றார்.

இருபத்திரண்டாம் அறிவுரை, அதிகாரிகளிடம் போதும், முடியாது, வேண்டாம் ஆகிய சொற்களைச் சொல்லக் கூடாது.

"உங்க இஷ்டம் சார்" என்றார்கள் மூன்று பேரும்.

ரைமோ இன்னொரு அகப்பை ஊற்றினார். அப்புறம் இன்னொன்று. விருந்தாளி எழுந்திருக்கும் முன் வீட்டுக்காரன் சவுனாவை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்பது ரைமோவின் அப்பா போட்ட சட்டமாம். சார் எழுந்திருக்கும் முன் மாணவன் எழுந்திருக்கக் கூடாது என்பது எங்கள் சார் போட்ட சட்டம், பதினைந்தாவது. இரண்டு சட்டமும் தொண்ணூறு டிகிரியில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தன. அரை மணி ஆயிற்று. ரைமோவின் முகம் வத்தல் மிளகாய் நிறத்துக்கு வந்துவிட்டது. தவசிக்கனியின் அடையாள அட்டை வளைய ஆரம்பித்தது.

"சார் எந்திரிப்பாராலே?" என்று முனகினான் தவசிக்கனி.

"எந்திரிக்க மாட்டாரு போலுக்கு" என்றான் இசக்கிராஜா.

"நாம செத்துட்டா?"

"செத்தா உக்காந்தபடியே சாவணும். எந்திரிக்கக் கூடாது" என்றான் கோமதிநாயகம்.

ஐம்பத்திரண்டாவது நிமிஷம் ரைமோ இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு குரலில் கேட்டார். "உங்களுக்கு என்னதான் வேண்டும்?"

கேட்டேவிட்டார்! ஐந்து நாளாக வாசலில் நின்று காத்த கேள்வி. மூன்று பேருக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வியர்வையில் அது தெரியவில்லை.

"கையெழுத்து சார்."

"அவ்வளவுதானா?"

"ஆமா சார்."

"திங்கட்கிழமையே கேட்டிருக்கலாமே?"

"நீங்க கேக்கலையே சார்."

ரைமோ அகப்பையைக் கீழே வைத்தார். பிறகு எழுந்தார். பின்னாலேயே இவர்களும் எழுந்து, நாலு பேரும் வெளியே போய்ப் பனியில் தொப்பென்று விழுந்தார்கள். மேலெல்லாம் துடைத்துக்கொண்டு ஆசுவாசப்பட்டதும், கோமதிநாயகம் அடையாள அட்டைக் கயிற்றில் கட்டியிருந்த நீலப் பேனாவை எடுத்து நீட்டினான். மேசை இல்லை. மேசை இல்லாத இடத்தில் நம்ம பிள்ளைகள் என்ன செய்வார்களோ, அதன்படி இசக்கிராஜா குனிந்து முதுகைக் கொடுத்தான். அதன் மேல் பாரத்தை வைத்தார்கள்.

ரைமோ போட்டார். பிளாஸ்டிக்கில் பேனா வழுக்கியது. மறுபடி போட்டார். ஒரு கோடு விழவில்லை. மூன்றாம் தடவையும் போட்டுப் பார்த்துவிட்டு, பேனா எழுதுகிறதா என்று சோதிக்க, எல்லாரும் செய்கிற மாதிரி பக்கத்தில் கிடைத்த இடத்தில் கிறுக்கிப் பார்த்தார். பக்கத்தில் கிடைத்த இடம் இசக்கிராஜாவின் முதுகு. பேனா சோதிக்கிறவர்கள் கிறுக்குவது எப்போதும் சொந்தக் கையெழுத்தைத்தானே? முழுக் கையெழுத்து, கீழே ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி. அச்சடித்த மாதிரி விழுந்தது.

"பேனா நன்றாகத்தான் இருக்கிறது. தாள்தான் சரியில்லை. திங்கட்கிழமை வேறு தாள் கொண்டுவாருங்கள்" என்றார் ரைமோ. அந்த வாரம் முழுக்க அவர் பேசியதைவிட அன்றைக்கு அதிகம் பேசிவிட்டார். கம்பெனிக் காவலாளி வந்து அவரைக் கைத்தாங்கலாகக் காருக்குக் கூட்டிப் போனார்.

தவசிக்கனி பனியிலேயே உட்கார்ந்து அழுதான். "போச்சுலே. இன்னைக்குத்தான் கடைசி நாள். நாளைக்கே வரச் சொல்லிருவாங்க." கோமதிநாயகத்துக்கு இருபதடி பிளெக்ஸ் கண் முன்னால் வந்தது. ஆனாலும் தலைவன் அல்லவா, தாளை எடுத்து இருபத்தாறாம் அறிவுரையைச் சத்தமாகப் படித்தான்.

"மேற்பார்வையாளரோட சொந்தக் கையால. போட்டாரா, இல்லையா?"

"போட்டாரு."

"நீல மை?"

"நீலம்தான்."

"வெள்ளிக்கிழமை?"

"வெள்ளிதான்."

"மூவர் முன்னிலையில?"

"இசக்கி பாக்கலையே. குனிஞ்சிக்கிட்டுல்லா இருந்தான்?" என்றான் தவசிக்கனி.

"முன்னிலையில இருந்தா போதும். பாக்கணும்னு போடலை." கோமதிநாயகம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டான். "எல்லாம் சரியா இருக்கு. ஒரிஜினல் திங்கட்கிழமை பத்து மணிக்குள்ள ஆபீஸ்ல இருக்கணும், அது ஒண்ணுதான் பாக்கி."

இரண்டு பேரும் இசக்கிராஜாவைப் பார்த்தார்கள்.

"என்னலே அப்படிப் பாக்குதிய? நாம மூணு பேரும் பிரியக் கூடாதுல்லா? ஒன்பதாம் அறிவுரை!"

"மாணவர்கள்தான் பிரியக் கூடாது" என்றான் கோமதிநாயகம். "நீ இப்ப மாணவன் இல்லைலே. பாரம்."

இசக்கிராஜா யோசித்துப் பார்த்தான். பெட்டி கட்டக் கிளம்பினான். வழியில் அழிந்துவிடாமல் இருக்க அவனைக் காலையில் போன லேமினேஷன் கடைக்கே கூட்டிப் போயிருக்கிறார்கள். நல்ல வேளை, கடை அடைத்திருந்தது. திரும்புவதற்கான டிக்கெட் மூன்று பேரிடமும் இருந்தது, தேதியை மட்டும் மாற்றி ஏற்றிவிட்டார்கள். இரண்டு விமானம், ஒரு ரயில், ஒரு பஸ். சீட்டில் ஒரு இடத்திலும் அவன் சாயவில்லை. குளிக்கவும் இல்லை.

திங்கட்கிழமை காலை ஒன்பது ஐம்பதுக்கு ஆபீசுக்குள் வந்து, திரும்பி நின்று சட்டையைத் தூக்கினான். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து அறையிலிருந்து சண்முகவேலாயுதம் சார் ஓடி வந்தார். நடந்ததை இசக்கிராஜா சொன்னான். சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதுகை ரொம்ப நேரம் பார்த்தார். அந்த மாவு மில் மனுஷன் முகம்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

"நீல மைதானே?"

"ஆமா சார்."

"வெள்ளிக்கிழமை போட்டதுதானே?"

"ஆமா சார்."

"நல்லது. மூணு பேரும் சேர்ந்தாச்சு. வந்த தபால் கணக்குல இன்வர்ட் நம்பர் போட்டு எடுத்துக்கோம்மா."

கையெழுத்துக்குப் பக்கத்தில் சீல் வைத்து நம்பர் போட்டேன். உடனே மாவு மில்லுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். அண்ணாச்சி போனிலேயே அழுதார்.

இசக்கிராஜா சட்டையை இறக்கிவிட்டு, "அப்ப நான் கிளம்பட்டுமா சார்? அங்கே வேலை கிடக்கு" என்றான்.

"எங்கே?" என்றார் சார். "ஒரிஜினல் டாக்குமென்ட் ஆபீசை விட்டு வெளியூர் போகக் கூடாது."

ஆகையால் பீரோவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு அவனை உட்கார வைத்தேன். கோமதிநாயகமும் தவசிக்கனியும் தம்பெரேயில் பயிற்சியில் இருக்கிறார்கள். இசக்கிராஜா பயிற்சியில் சேர்ந்ததற்கு ஆதாரமாக இங்கே இருக்கிறான். இரண்டு நாள் ஒரு குறையும் இல்லை. புதன்கிழமை அங்கேயிருந்து கோமதிநாயகம் கூப்பிட்டான். கையெழுத்து விழுந்தாச்சு, வேறு தாள் வேண்டாம் என்று இவர்கள் சொன்னதற்கு, தங்கள் கம்பெனி பைலில் வைக்க அந்தப் பாரத்தின் காப்பி ஒன்று வேண்டும் என்று ரைமோ கேட்கிறாராம்.

சாரிடம் கேட் பாஸ் வாங்கிக்கொண்டு, எதிரே இருக்கிற ஜெராக்ஸ் கடைக்கு இசக்கிராஜாவைக் கூட்டிக்கொண்டு போனேன். நல்ல கூட்டம். எங்கள் முறை வந்ததும் கடைக்காரர் தலையைத் தூக்காமல், "எத்தனை காப்பி?" என்றார்.

"ஒண்ணு" என்றேன். இசக்கிராஜா சட்டையைக் கழற்றிவிட்டு மெஷின் பக்கம் திரும்பி நின்றான்.

கடைக்காரர் மெஷின் மூடியைத் திறந்து, கண்ணாடியைத் துணியால் ஒரு தடவை துடைத்தார். அப்புறம் இசக்கிராஜாவை மேலிருந்து கீழே வரை ஒரு பார்வை பார்த்தார்.

"ஒரு பக்கம் மட்டும் போதுமா, இல்லை முன்னாடி பின்னாடி ரெண்டு பக்கமும் எடுக்கணுமா?" என்றார்.